முறுக்கு டின் வாத்தியத்துக்கு மெட்டு எது: சோபா ஆணியா, போக்ஸ் கம்பியா, கேபிள் டையா?

தகர டின்னையும் தேக்கு ரீப்பரையும் வைத்துத் தந்தி வாத்தியம் கட்ட நினைப்பவருக்குச் செட்டிநாட்டில் மூலப்பொருள் பற்றிய கவலை கிடையாது. விசேஷத்துக்குச் செய்த முறுக்கும் சீப்புச்சீடையும் தீர்ந்த பிறகு காலியாகக் கிடக்கும் டின் எந்த ஆச்சி வீட்டிலும் கேட்டால் கிடைக்கும். இடித்த வீடுகளின் பர்மா தேக்குத் துண்டுகள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் கீல், பூட்டு, பீங்கான் தட்டு ஆகியவற்றுக்கு இடையே சாய்ந்து கிடக்கும். டின்னில் ஒலி எழுப்பும் குடம், தேக்கில் நீண்ட கழுத்தான தண்டி, இரும்புத் தந்தி மூன்று, பழைய கிதாரிலிருந்து கழற்றிய பிருடை (தந்தியை முறுக்கும் திருகு) மூன்று என்று வேலை இரண்டு நாளில் ஓடிவிடும். மூன்றாம் நாள்தான் தண்டியின் மேல் சுரத்தானங்களை எதைக் கொண்டு குறிப்பது என்ற கேள்வி வரும். கடையில் விற்கும் கிதார் மெட்டுக்கம்பி, அதாவது சுரத்தானங்களில் தண்டியின் குறுக்கே பதிக்கும் கம்பி, நம் ஊர் ஆணிக்கடையில் கிடைப்பதில்லை. வரவழைத்தாலும் அதைப் பதிக்க அதற்கேற்ற மெல்லிய ரம்பம் வேண்டும். எனவே கைக்குக் கிடைக்கும் உலோகத்தில் எது பொருந்தும் என்று ஒவ்வொன்றாகப் பொருத்தியும் பிடுங்கியும் பார்த்ததில் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

எந்தப் பொருளையும் வாங்குமுன், தந்தி அதைத் தொடப்போகிறதா இல்லையா என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். சித்திரவீணைக்கு மெட்டே கிடையாது. வாசிப்பவர் தந்தியின் மேல் கட்டையை வழுக்கிச் செல்கிறார், இடத்தைக் காதும் கண்ணும் சொல்கின்றன. அமெரிக்காவில் சுருட்டுப் பெட்டியில் கிதார் கட்டியவர்கள் பாட்டில் கழுத்தை விரலில் மாட்டிக்கொண்டு வாசித்ததும் இந்த வகைதான். அப்படி வாசிப்பதானால் தண்டியின் மேல் இருப்பது வெறும் அடையாளம். அது கண்ணுக்குத் தெரிந்தால் போதும், தந்திக்கு எட்டக் கூடாது. வீணையைப் போல விரலால் அழுத்தி வாசிப்பதானால் அதே இடத்தில் இருப்பது மெட்டு. தந்தி அதன் மேல் படிந்து அதிர வேண்டும், ஆகவே உயரமும் கடினமும் அங்கே முக்கியமாகின்றன. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலரும் முதல் வாத்தியத்தைக் கெடுக்கிறார்கள். நானும் கெடுத்தேன்.

அளவு இரண்டு வகைக்கும் ஒன்றுதான். என் வாத்தியத்தில் தலைக்கட்டையிலிருந்து (தண்டியின் தலையில் தந்தி தங்கும் கட்டை) குதிரை (டின்னின் மேல் தந்தி தங்கும் கட்டை) வரை 60 செ.மீ. இந்த நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தூரம் வரும். மீதி நீளத்தை மறுபடியும் அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது வரும். இப்படிப் பன்னிரண்டு முறை போனால் சரியாகப் பாதியில், 30 செ.மீ.யில், மேல் ஸட்ஜம் (மேல் ‘ஸ’) வந்து நிற்கும். கணக்கை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போடலாம். ஆனால் தண்டியில் குறிக்கும்போது எல்லாத் தூரத்தையும் தலைக்கட்டையிலிருந்தே அளக்க வேண்டும். ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்கு அளந்து போனால், பென்சில் கோட்டின் கனத்தில் விழும் அரை மில்லிமீட்டர் பிசகு பன்னிரண்டாவது இடத்தில் ஐந்தாறு மில்லிமீட்டராகச் சேர்ந்துவிடும். தையல் டேப்பால் அளப்பதையும் தவிர்க்க வேண்டும். ஸ்டீல் ஸ்கேலே சரி.

முதலில் அடையாள வகை. செட்டிநாட்டு வீட்டு நிலைக்கதவில் பித்தளைக் குமிழ்கள் வரிசையாக மின்னுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, தண்டியிலும் அப்படி ஒரு வரிசை இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றுவது இயல்பு. அந்த ஆசையில் சோபா ஆணி ஒரு டப்பா வாங்கிவந்து, தண்டியின் மேல்முகத்திலேயே அடித்தேன். அதில் மூன்று தவறுகள் இருந்தன. குமிழின் மேடு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இருந்ததால், பாட்டில் கழுத்துக்குப் பதிலாகத் தந்தியின் மேல் வழுக்கும் குழாயை நகர்த்தும்போது தந்தி சற்றுத் தாழ்ந்தாலே குமிழில் பட்டு ‘டிக், டிக்’ என்றது. தலையின் அகலம் ஏறக்குறைய 11 மி.மீ.; மேல் ஸட்ஜத்தை ஒட்டிய அரைச்சுரத்தின் இடைவெளியே 18 மி.மீ.க்குக் குறைவு. பாதிக்கு மேல் மறைத்துக்கொண்டு நிற்கும் ஒரு குமிழ் சுரத்தின் இடத்தைக் காட்டுகிறது என்று எப்படிச் சொல்வது? மூன்றாவது, நன்றாகக் காய்ந்த பழைய தேக்கில் துளை போடாமல் ஆணி அடித்தது. பன்னிரண்டாவது ஆணி இறங்கியபோது தண்டி இழைவாக்கில் விரல் நீளம் வெடித்தது. அதுவரை பதினொரு ஆணி தாங்கிய மரம் என்ற தைரியத்தில் அடித்த அடி அது.

சோபா ஆணி இதனால் வேண்டாத பொருள் ஆகிவிடாது. மேல்முகத்தை விட்டு, வாசிப்பவர் கண்ணுக்கு நேரே வரும் பக்கவாட்டில் அதைச் சிறு துளை போட்டு அடித்தால் தந்திக்கும் அதற்கும் உறவே இல்லை. ஆனாலும் அகலக் குறை தீராது என்பதால், ஸட்ஜ பஞ்சம இடங்களைத் தூரத்திலிருந்து காட்டும் அலங்காரமாக மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். பக்கவாட்டுக்கு அதைவிட நல்லது தலை வெட்டிய சிறு பித்தளை ஆணி. மரத்தோடு மட்டமாக அரத்தால் தேய்த்துவிட்டால், ஒன்றரை மில்லிமீட்டர் பொட்டாக மின்னும். அதன் நடுவைக் கண் தவறவிடாது. டிராயிங் பின் இரண்டுக்கும் இடைப்பட்டது. தலை தட்டை என்பது நன்மை, ஆனால் தேக்கில் கட்டைவிரலால் இறங்காது, சுத்தியலால் தட்டினால் கால் மடங்கும்.

உலோகமே வேண்டாம் என்றால் ஸ்டிக்கர் பொட்டு இருக்கிறது. இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மிகச்சிறிய பொட்டு அட்டை ஒன்று வாங்கினால் நான்கு வாத்தியத்துக்குப் போதும். கனமே இல்லை, பிசகினால் எடுத்து மாற்றி ஒட்டலாம். கைவியர்வை பட்டால் உதிரும் என்பது அதன் ஒரே குறை, அதுவும் பங்குனி, சித்திரையில் கொஞ்சம் அதிகம். குழாய் வைத்து வாசிக்கப் பழகும் முதல் மாதத்துக்கு இதைவிடச் சிறந்த அடையாளம் எனக்குத் தெரியவில்லை. இடங்கள் காதுக்கு உறுதியான பிறகு அதே இடத்தில் ஸ்கேல் வைத்து, சால்டரிங் அயர்ன் நுனியால் மெல்லிய கோடு சுட்டுவிட்டால் வேலை நிரந்தரமாகிவிடும்.

எந்தெந்த இடத்தில் குறி வேண்டும் என்பதில் கிதார்க்காரர்கள் வழியை அப்படியே எடுக்க வேண்டியதில்லை. அவர்கள் 3, 5, 7, 9, 12 ஆகிய இடங்களில் புள்ளி வைப்பார்கள்; நம் கணக்கில் அவை சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சதுச்ருதி தைவதம், மேல் ஸட்ஜம். மோகனத்தையோ சங்கராபரணத்தையோ வாசிக்கப்போகிறவருக்கு மூன்றாவது இடத்தில் குறி எதற்கு? நான்காவதில், அந்தர காந்தாரத்தில், அல்லவா வேண்டும்.

இனி மெட்டு. இங்கே தந்தி தொடுகிறது என்பதால் தேர்வு கடுமையாகிறது. எல்லா மெட்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று உயர்ந்தால் அதற்கு முந்தையதில் அழுத்தும்போது தந்தி உயர்ந்ததில் உரசிக் கரகரக்கும். இந்த ஒரு சோதனையிலேயே பல பொருள்கள் விழுந்துவிடுகின்றன. ஈர்க்குச்சி அடியில் தடித்து நுனியில் மெலிந்திருக்கும், ஒரே குச்சியில் வெட்டிய துண்டுகள்கூட ஒன்றுபோல் இரா. பல்குத்தும் குச்சி அளவில் பரவாயில்லை. ஆனால் இரும்புத் தந்தி சில நாளிலேயே அதில் பள்ளம் பறித்துவிடும், நைலான் தந்திக்கு வேண்டுமானால் பொருந்தும். தலை வெட்டிய கம்பி ஆணியைப் படுக்கவைத்துப் பதிக்கலாம் என்பார்கள்; ஆணித்தலைக்குக் கீழே பிடிமானத்துக்காக இருக்கும் வரிவரியான தழும்புகளை விரலால் தடவிப் பார்த்தால், அந்தப் பகுதி ஏன் ஆகாது என்பது விளங்கும். ஹேர்பின்னின் நேர்க்கால் நல்ல எஃகு, கனமும் சீர். ஆனால் கறுப்புப் பூச்சு தந்தி உரசி உரிந்து, தண்டியெல்லாம் கரி பிடிக்கும், வெட்டுவதும் சிரமம்.

இவற்றையெல்லாம் கழித்த பிறகு மூன்று பொருள்கள் நிற்கின்றன: சைக்கிள் சக்கரத்தின் போக்ஸ் கம்பி, வெல்டிங் பட்டறையின் பித்தளை ராடு, எலெக்ட்ரிக் கடையின் கேபிள் டை.

போக்ஸ் கம்பிக்கு நான் போனது பழைய சைக்கிள் கடைக்கு. “என்ன தம்பி, ரிம்மு கோட்டமா?” என்று கடைக்காரர் கேட்டார். “இல்லண்ணே, வண்டியே இல்ல. கம்பி மட்டும் ரெண்டு வேணும், வளையாததா” என்றேன். எதற்கென்று சொன்னதும், கழற்றிப் போட்ட குவியலில் தேடாமல், ஆணியில் மாட்டியிருந்த புதுக் கட்டிலிருந்து இரண்டு உருவி, கடையின் கண்ணாடி மேசை மேல் உருட்டிப் பார்த்துத் தந்தார். அந்த உருட்டல்தான் சோதனை. வளைவு இருந்தால் கம்பி தத்தித் தத்தி ஓடும். நேராக இருந்தால் சத்தமின்றி ஓடும். சாதாரணக் கம்பியின் கனம் 2 மி.மீ.; தண்டி 4 செ.மீ. அகலம் என்றால் ஒரு கம்பியில் ஆறு துண்டு தாராளமாக வரும், இரண்டு கம்பியில் பன்னிரண்டு மெட்டும் முடிந்துவிடும். பென்சில் கோட்டின் மேல் ஹேக்ஸா பிளேடால் மெல்லிய பள்ளம் அறுத்து, முக்கோண அரத்தால் அதை அகட்டி, கம்பியின் பாதி உள்ளே இறங்குமாறு செய்தால், ஒரு மில்லிமீட்டர் மேலே நிற்கும். அது போதிய உயரம். பழைய தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஆகவே பள்ளத்தைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிட்டு அரால்டைட் வைக்க வேண்டும். ஃபெவிகால் மரத்துக்கு மரம் பிடிக்கும், உலோகத்தைப் பிடிக்காது. வெட்டிய முனைகளில் முலாம் போயிருக்கும் என்பதால் அங்கே துரு ஏறும். உலோக அரிமானத்தையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை 1953 முதல் வைத்திருக்கும் காரைக்குடியில் இருந்துகொண்டு துருவுக்கு இடம் கொடுக்கலாமா? ஒரு சொட்டு நெயில் பாலிஷ் அதற்குப் போதும்.

இதன் பலம் கடினம். தந்தி இரும்பு, மெட்டும் இரும்பு. நாளாவட்டத்தில் பள்ளம் விழுவது மிகக் குறைவு, நாதமும் கணீரென்று நிற்கும். பலவீனம், ஒட்டிய பிறகு நகராது என்பது.

பித்தளை ராடு நம் மரபுக்கு நெருக்கமானது. வீணையின் 24 மெட்டுகளும் பித்தளையிலோ வெண்கலத்திலோ செய்தவைதாம். காரைக்குடி என்றாலே வீணை நினைவுக்கு வருமாறு செய்த சகோதரர்களில் இளையவரான சாம்பசிவ ஐயர் 1952இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர்; அந்த ஊரில் பித்தளை மெட்டை வேண்டாமென்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பட்டறையில் கிடைக்கும் பிரேசிங் ராடில் 1.6 மி.மீ., 2.4 மி.மீ. அளவுகள் உண்டு, தேய்ப்பதும் வெட்டுவதும் சுலபம், ஒலியில் ஒரு மென்மை வருகிறது. ஆனால் மெல்லிய இரும்புத் தந்தியின் கீழே பித்தளை தேயும். வீணையில் தேய்ந்தால் மேளம் கட்டுபவர், அதாவது மெட்டுகளைப் பொருத்துபவர், மெழுகை இளக்கி மெட்டை எடுத்துச் சரிசெய்துவிடுவார். அரால்டைட்டில் புதைத்த ராடை எடுக்க வேண்டுமானால் தண்டியைச் சிராய்த்துத்தான் எடுக்க முடியும். மெழுகிலேயே வைத்தால் என்ன என்று கேட்கலாம். வீணை மெழுகு வெறும் மெழுகன்று, குங்கிலியமும் கரியும் சேர்த்துக் காய்ச்சுவது. அந்தப் பக்குவம் கைவர நாளாகும், தகர டின் வாத்தியத்துக்கு அது அதிகம்.

கேபிள் டையைப் பார்த்தவுடன் சிரிப்பு வரும். இரண்டரை மில்லிமீட்டர் அகலமுள்ள கறுப்பு டையைத் தண்டியைச் சுற்றி இறுக்கி, பூட்டும் தலையைக் கை படாத பக்கவாட்டில் வைத்து, வாலை நறுக்கிவிட்டால் மெட்டு தயார். கனம் சுமார் ஒரு மில்லிமீட்டர். துளை இல்லை, பள்ளம் இல்லை, பசை இல்லை. குறைகளும் உண்டு. தட்டையான தண்டியில் டையின் நடுப்பகுதி சற்றுத் தூக்கி நிற்கும். மேல்முகத்தை உப்புத்தாளால் மிக லேசாகக் கூன்விழத் தேய்த்து, விளிம்புகளை மழுக்கினால் ஒட்டி உட்காரும். டின்னின் மேல் தண்டி போகும் பகுதியில் சுற்ற முடியாது என்பதால் அங்கே மெட்டு வராது. நாதம் மழுங்கல், கம்பி மெட்டில் நீண்டு நிற்கும் ஒலி இதில் சீக்கிரம் அடங்கிவிடும். வெள்ளை டை வெயிலில் மொறுமொறுத்து உடையும். கறுப்பு அதைவிடத் தாங்கும்.

இவ்வளவு குறை உள்ள பொருளை ஏன் கணக்கில் வைக்கிறேன் என்றால், அது நகரும். இந்த ஒன்று எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் உணர்ந்தேன். மூன்று தந்தியையும் ஸட்ஜம், பஞ்சமம், மேல் ஸட்ஜம் என்று கூட்டி, மோகனத்துக்கு வேண்டிய ஐந்து இடங்களில் மட்டும், அதாவது 6.5, 12.4, 20, 24.3, 30 செ.மீ.யில், ஐந்து டை கட்டினேன். பஞ்சமம் பெட்டியோடு இழைந்தது. காந்தாரம் மட்டும் இழையவில்லை. தொட்ட மாத்திரத்தில் சுருதிக்குச் சற்று மேலே நின்று துடித்தது. நகத்தால் டையைத் தலைப்பக்கம் தள்ளத் தள்ள அந்தத் துடிப்பு மெதுவாகி, ஓரிடத்தில் அடங்கியது. அளந்து பார்த்தால் 12 செ.மீ. சூத்திரம் சொன்ன இடத்துக்கும் காது கேட்ட இடத்துக்கும் கிட்டத்தட்ட 4 மி.மீ. வித்தியாசம்.

காரணம் எளிது. 17.817 என்ற எண் பன்னிரண்டு அரைச்சுரங்களையும் சமமாகப் பங்கிடுவது. எந்தச் சுருதியிலும் வாசிக்க வேண்டிய கிதாருக்கு அது தேவை. ஒரே ஸட்ஜத்தை ஆதாரமாகப் பிடித்துக்கொண்டு வாசிக்கும் நமக்கு, தந்தியின் ஐந்தில் நான்கு பங்கில் வரும் காந்தாரம்தான் ஆதாரத்தோடு இழையும். மத்யமத்தில் இந்தச் சிக்கல் இல்லை: சூத்திரப்படி 15.05, பங்கின்படி 15. பஞ்சமத்திலும் இல்லை: 19.95, 20. அரை மில்லிமீட்டருக்குள் அடங்கும் இந்த வித்தியாசம் விரலின் அழுத்தத்திலேயே கரைந்துவிடும். ரிஷபத்தில் 1 மி.மீ.க்குச் சற்று மேல், காகலி நிஷாதத்தில் 2 மி.மீ., காந்தாரத்தில்தான் இந்த 4. தைவதமோ எந்த ராகம் என்பதைப் பொறுத்து முன்னும் பின்னும் போகும்.

ஆகவே ஒரே பொருளைத் தண்டி முழுக்க வைக்க வேண்டும் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டேன். இரண்டு கணக்கும் ஒத்துப்போகும் சுத்த மத்யமம், பஞ்சமம், மேல் ஸட்ஜம் ஆகிய மூன்று இடங்களிலும் போக்ஸ் கம்பியை நிரந்தரமாகப் பதிக்கலாம்; பஞ்சமமும் மேல் ஸட்ஜமும் எந்த ராகத்திலும் நகரப்போவதில்லை, சுத்த மத்யமம் வரும் ராகங்களில் அதுவும் அப்படியே. ரிஷபம், காந்தாரம், தைவதம், நிஷாதம் ஆகியவற்றுக்குக் கேபிள் டை. ஒலியில் வேறுபாடு தெரியாதா என்றால், தெரியும். கம்பி மெட்டில் நிற்கும் சுரம் சற்று மின்னும், டையில் நிற்பது சற்று அடங்கும். நிற்க வேண்டிய சுரங்கள் மின்னுவதில் எனக்கு வருத்தம் இல்லை. வேறு யாருக்காவது அது பொருந்தாமல் போகலாம்.

கிதார் போலக் கூட்டுச்சுரங்கள் பிடித்து மேற்கத்திய பாட்டு வாசிக்கப்போகிறவருக்கு இந்த ஏற்பாடு வேண்டாம். அவர் சூத்திரப்படி பன்னிரண்டிலும் போக்ஸ் கம்பியைப் பதித்துவிட்டுப் போகலாம். கமகத்தை, அதாவது தந்தியை இழுத்துச் சுரத்தை அசைப்பதை, நம்பியிருப்பவரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீணையில் மெட்டுகள் உயரமாக இருப்பதாலும் தண்டி அகலமாக இருப்பதாலும் தந்தியை ஆழமாக இழுக்க முடிகிறது. ஒரு மில்லிமீட்டர் மெட்டும் 4 செ.மீ. தண்டியும் உள்ள இந்த வாத்தியத்தில் இழுப்பு ஓரளவுக்கு மேல் போகாது. ஆழ்ந்த கமகமே வேண்டுமென்றால் மெட்டை மறந்துவிட்டுக் குழாயை எடுப்பது உத்தமம். ஸ்டிக்கர் பொட்டு போதும்.

கலப்பு ஏற்பாட்டில் உயரம் பொருத்துவதுதான் கொஞ்சம் வேலை. முதலில் டைகளைக் கட்டி, பிறகு கம்பிக்கான பள்ளத்தை ஆழமாக்கிக்கொண்டே போய், அடுத்தடுத்த மூன்று மெட்டுகளின் மேல் ஒரு சிறு ஸ்டீல் ஸ்கேலைப் படுக்கவைத்துப் பார்க்க வேண்டும். ஸ்கேல் சீசா பலகை போல ஆடினால் நடுவில் உள்ளது உயர்ந்திருக்கிறது என்று பொருள். ஆடாமல் படிந்த பிறகே பசை. குதிரையையும் ஒட்டிவிடாமல் நகரும்படி வைத்து, மேல் ஸட்ஜ மெட்டில் அழுத்தி வரும் ஒலியும், அதே இடத்தில் விரலை வெறுமனே தொட்டு மீட்டினால் வரும் ஒலியும் ஒன்றாகும் வரை அதைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். எனக்கு 2 மி.மீ. தேவைப்பட்டது. வெடித்த தண்டியை அரால்டைட் ஊற்றிக் கயிறு கட்டி வைத்துக் காப்பாற்றிவிட்டேன். மேல்முகத்துச் சோபா ஆணிகளைப் பிடுங்கிய துளைகள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. நிஷாதம் இல்லாத மோகனம்தான் தினமும் என்பதால் நிஷாதத்துக்கான டையை இன்னும் இறுக்கவில்லை. வாலை நறுக்காமல் தண்டியின் தலைப்பக்கம் தளர்வாக மாட்டி வைத்திருக்கிறேன்.